ஒட்டுதல், உரிதல், தாங்குதல்

பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துத் தக்காளித் தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாய் கசிந்தால் முதலில் கைக்கு வருவது கறுப்பு இன்சுலேஷன் டேப்தான். இறுக்கி நாலைந்து சுற்று சுற்றியிருந்தாலும், மறுநாள் மோட்டாரைப் போட்டதும் டேப்பின் முனை எழும்பி, அடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். கடைக்காரர் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டார் என்று கோபம் வரும். பெரும்பாலும் அந்த டேப்பில் குறை எதுவும் இருக்காது. மின்கம்பியின் பி.வி.சி. உறைமேல் ஒட்டுவதற்காகச் செய்த பசை அது. சொட்டுநீர்க் குழாய் பாலிஎத்திலீனால் ஆனது. பசைக்குப் பிடி கொடுக்காத பிளாஸ்டிக்குகளில் பாலிஎத்திலீன் முன்வரிசையில் நிற்கிறது.

கடைக்குப் போனால் நாம் கேட்பது ஒரே கேள்வி: "நல்லா ஒட்டுமா?" கடைக்காரரும் "நல்லா ஒட்டும்" என்றே சொல்வார். நாம் ஒரே சொல்லில் அடக்கிக் கேட்பதை, டேப் தயாரிப்பவர்கள் மூன்று தனிக் குணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக அளக்கிறார்கள். ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் இன்னொன்று குறையும். இந்த மூன்றையும், அவற்றோடு வரும் சில சொற்களையும் தெரிந்துகொண்டவர் எந்த வேலைக்கு எந்த டேப் என்று கேட்டு வாங்கலாம்.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்வோம். டேப் என்று பெயர் வைத்து விற்பதெல்லாம் ஒரே இனம் கிடையாது. இங்கே பேசுவது அழுத்தினால் ஒட்டும் டேப்பைப் பற்றி. அதற்குத் தண்ணீர் தொட வேண்டாம், சூடு காட்ட வேண்டாம், காய விட வேண்டாம். சாதாரண வெப்பநிலையில் விரலால் அழுத்தினாலே பிடித்துக்கொள்ள வேண்டும். மரவேலைப் பசை போலக் காய்ந்து கெட்டியாகவும் கூடாது. ஒட்டிய பிறகும் அதன் பிசுபிசுப்பு அப்படியே இருக்க வேண்டும். உரித்தால் பசை டேப்போடு வர வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நாம் டேப் என்று சொல்லும் பல பொருள்கள் வெளியே போய்விடும். பிளம்பர் மரைமேல் சுற்றும் வெள்ளை டெஃப்ளான் டேப்பில் பசையே கிடையாது; அது மரையின் இடைவெளியை நிரப்புகிறது, அவ்வளவுதான். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர் நர்சரிகளில் மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டும் பாலித்தீன் பட்டையும் அப்படியே. இழுவிசையால் நிற்கிறது, பசையால் அல்ல. நாக்கால் நனைத்து ஒட்டும் பழைய காகிதப் பட்டை தண்ணீரை எதிர்பார்ப்பது. போர்வெல் மோட்டார் கேபிளில் சுற்றும் ரப்பர் டேப் இன்னொரு இனம்; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் தருமபுரி விவசாயிக்கு அதிகம் செலவு வைப்பது அந்த இடம்தான்.

அழுத்தினால் ஒட்டும் டேப்பை வெட்டிப் பார்த்தால் அடுக்குகள் தெரியும். மேலே இருப்பது பின்தாள். அது பிளாஸ்டிக் படலமாக, காகிதமாக, துணியாக, அலுமினியத் தகடாக இருக்கலாம். அதன் கீழ்ப்பக்கத்தில் பசை. இரண்டும் பிரியாமல் இருக்க நடுவில் ஒரு மெல்லிய முன்பூச்சு. பின்தாளின் மேற்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பூச்சு, விடுவிப்புப் பூச்சு. அது இல்லாவிட்டால் உருளையில் ஒரு சுற்றின் பசை அடுத்த சுற்றின் முதுகில் ஒட்டிக்கொண்டு, டேப்பைப் பிரிக்கவே முடியாது. இருபுறமும் பசை உள்ள டபுள் சைடு டேப்பில் இந்த வேலையை வழுவழுப்பான விடுவிப்புத் தாள் செய்கிறது. அதைத்தான் உரித்துத் தூக்கி எறிகிறோம்.

அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பின் பின்தாள் பாலிபுரோப்பிலீன். அதுவும் பாலிஎத்திலீனைப் போலவே பசைக்குப் பிடி கொடுக்காத சரக்கு. தொழிற்சாலையில் அந்தப் படலத்தின் ஒரு பக்கத்தை மட்டும் மின்பொறியால் பதப்படுத்துவார்கள். அந்தப் பக்கத்தில் பசை பிடித்துக்கொள்ளும். பதப்படுத்தாத பக்கம் பசையை எளிதாக விட்டுவிடும். தோட்டத்துக் குழாயில் நமக்குத் தொல்லை தரும் அதே குணம் இங்கே உருளை சுலபமாகப் பிரிய உதவுகிறது.

இந்தப் பசை எப்படிப் பிடிக்கிறது? நம் ஊர்க் கேழ்வரகுக் களியை நினைத்துக்கொள்ளுங்கள். சூடாகத் தட்டில் வைத்தால் மெல்லத் தட்டின் வடிவத்துக்குப் படிகிறது. ஆனால் கையால் எடுத்தால் சிந்தாமல் உருண்டையாகவே வருகிறது. நல்ல பசையும் இப்படி இரண்டும் கெட்டான் நிலையில் இருக்க வேண்டும். அழுத்தும்போது திரவம்போல் ஓடி, பரப்பில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்களில் இறங்க வேண்டும். இழுக்கும்போது திடப்பொருள்போல் எதிர்த்து நிற்க வேண்டும். பசையின் மூலக்கூறுகள் பரப்பின் மூலக்கூறுகளை மிக நெருங்கிவிட்டால், எல்லாப் பொருள்களுக்கும் இடையில் உள்ள மென்மையான ஈர்ப்பு விசையே பிடித்து வைக்கப் போதும். எவ்வளவு மென்மையாக இருந்தால் இந்த நெருக்கம் கிடைக்கும் என்பதற்கு அமெரிக்காவின் த்ரீஎம் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் டால்க்விஸ்ட் 1960-களில் ஒரு வரம்பு சொன்னார்: பசையின் விறைப்பு ஏறத்தாழ 3 லட்சம் பாஸ்கலுக்குக் கீழே இருக்க வேண்டும். எஃகின் விறைப்பு சுமார் 20,000 கோடி பாஸ்கல். இன்றும் பசை செய்பவர்கள் டால்க்விஸ்ட் வரம்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

இனி அந்த மூன்று குணங்கள்.

முதலாவது, தொட்டதும் பிடிக்கும் தன்மை. தொழிலில் டேக் என்பார்கள். அழுத்தம் ஏதும் இல்லாமல், லேசாகப் பட்டவுடனே எவ்வளவு பிடிக்கிறது என்பதே இது. விரல் நுனியால் தொட்டுப் பார்த்து "நல்ல பசை" என்று நாம் முடிவு செய்வது இதை மட்டும் வைத்துத்தான். சோதனைக்கூடத்தில் சிறு எஃகுக் குண்டு ஒன்றைச் சரிவிலிருந்து உருட்டி, பசைப் பக்கம் மேலே தெரியும்படி விரித்த டேப்பின்மேல் ஓட விடுவார்கள். குண்டு எவ்வளவு சீக்கிரம் நிற்கிறதோ அவ்வளவு டேக் அதிகம். குளிர் கூடினால் பசை விறைத்து டேக் குறையும். மார்கழி விடியலில் பெட்டி கட்டும்போது முரண்டு பிடிக்கும் டேப், பத்து மணி வெயில் வந்ததும் ஒழுங்காக ஒட்டுவதற்குக் காரணம் இதுவே. தூசியும் இதற்குப் பகை. ஒருமுறை தூசியில் பட்ட பசை மறுபடி பரப்பைத் தொடுவதே இல்லை, தூசியைத்தான் தொடுகிறது.

இரண்டாவது, உரிப்பு வலிமை. ஒட்டிய டேப்பை ஒரு முனையிலிருந்து உரிக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. 25 மி.மீ. அகலத் துண்டு ஒன்றைச் சுத்தமான எஃகுத் தகட்டில் ஒட்டி, 2 கிலோ உருளையை அதன்மேல் ஓட்டி, நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகத்தில் பின்னோக்கி மடக்கி இழுத்து அளப்பது வழக்கம். கோணமும் வேகமும் மாறினால் விடையும் மாறும் என்பதால்தான் இத்தனை நிபந்தனை. வேகமாக உரித்தால் அதிக விசை தேவைப்படும். மெதுவாக உரித்தால் குறைவாக. காயத்தின்மேல் ஒட்டிய பிளாஸ்திரியை வெடுக்கென்று பிடுங்குவது நம் வழக்கம். முதியவர்களின் மெல்லிய தோலில் அது தோலையே கிழித்துவிடும். தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, பிளாஸ்திரியைப் பின்னோக்கி மடக்கி, தோலை ஒட்டினாற்போல் மெதுவாக இழுப்பதே சரி. பெயின்ட் அடிக்கும்போது ஒட்டும் மாஸ்கிங் டேப்புக்கும் இதே நிதானம் வேண்டும்.

மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது, ஆனால் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணமானது: தாங்கு திறன். பரப்போடு ஒட்டினாற்போல் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இடைவிடாமல் இழுக்கும் சுமையை, நழுவாமல் எவ்வளவு நேரம் தாங்குகிறது? செங்குத்தான தகட்டில் 25 மி.மீ.க்கு 25 மி.மீ. பரப்பில் டேப்பை ஒட்டி, 1 கிலோ எடையைத் தொங்கவிட்டு, விழும்வரை நேரத்தைக் குறிப்பார்கள். உரிப்பு வலிமை விசையில் வரும். தாங்கு திறன் நிமிடங்களிலும் மணிகளிலும் வரும். சுவரில் டபுள் சைடு டேப்பால் ஒட்டிய கொக்கி முதல் நாள் அசையாமல் இருந்து, ஒரு வாரத்தில் இரண்டு அங்குலம் கீழே இறங்கி, பிறகு ஒரு ராத்திரியில் விழுகிறதே, அது தாங்கு திறன் போதாததன் அடையாளம்.

மென்மையான பசை சட்டென்று பரவி ஒட்டும். ஆனால் சுமையில் வழுகும். கெட்டியான பசை சுமையைத் தாங்கும். ஆனால் தொட்டவுடன் பிடிக்காது, அழுத்தித் தேய்க்க வேண்டும். விரலில் நன்றாக ஒட்டுவதால் மட்டும் ஒரு டேப்பைச் சுமைக்கு நம்பக் கூடாது. சில நல்ல டேப்கள் விரலுக்கு ஏமாற்றமாகவே தெரியும். அழுத்தி ஒட்டி ஒரு நாள் விட்டால் அவற்றின் பிடி கூடிக்கொண்டே போகும். இந்தக் காத்திருப்பை ஊறு நேரம் எனலாம். 24 மணி முதல் 72 மணி நேரம்வரை இது நீளும். ஒட்டிய உடனே சுமையை ஏற்றுவது அந்த நேரத்தைப் பறிப்பதாகும்.

இப்போது சொட்டுநீர்க் குழாய்க்கு வருவோம். ஒரு பரப்பில் பசை பரவுமா, முத்து முத்தாகச் சுருங்குமா என்பதை அந்தப் பரப்பின் ஆற்றல் முடிவு செய்கிறது. பிளாஸ்டிக் அச்சுத் தொழிலில் இதை டைன் கணக்கில் பேசுவார்கள். டெஃப்ளானுக்குச் சுமார் 18, பாலிபுரோப்பிலீனுக்கு 30, பாலிஎத்திலீனுக்கு 31, பி.வி.சி.க்கு 39, தண்ணீர் பாட்டில் செய்யும் பாலியெஸ்டருக்கு 43. சுத்தமான கண்ணாடிக்கும் உலோகங்களுக்கும் நூற்றுக்கணக்கில். எண் கூடக்கூடப் பசைக்குக் கொண்டாட்டம். கருவி இல்லாமலே இதைச் சோதிக்கலாம்: பரப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பரந்து படிந்தால் டேப் ஒட்டும். முத்தாக உருண்டு நின்றால் சாதாரண டேப்பை நம்ப வேண்டாம். சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் முத்தாகத்தான் நிற்கும். போதாக்குறைக்கு உள்ளே நீரழுத்தம், வெளியே மண் தூசி, பகலெல்லாம் வெயிலில் குழாய் நீண்டு இரவில் சுருங்குவது வேறு. இவ்வளவுக்கும் எதிராக எந்தச் சாதாரண டேப்பும் நிற்காது. கசியும் இடத்தை வெட்டி எடுத்துவிட்டு ஜாயினர் போடுவதுதான் வழி. அதன் விலையும் ஒரு டேப் உருளையை விடக் குறைவு.

டேப் தோற்றுப்போன இடத்தைக் கவனித்துப் பார்த்தால் காரணத்தைப் படித்துவிடலாம். என்னைக் கேட்டால், இந்தத் துறையின் சொற்களில் மிகவும் பயனுள்ளவை இந்தத் தோல்விகளின் பெயர்கள்தான். பசை முழுவதும் டேப்போடு வந்து, பரப்பு சுத்தமாக இருந்தால் அது ஒட்டுத் தோல்வி: பசை பரப்பைச் சரியாகப் பிடிக்கவே இல்லை. எண்ணெய், தூசி, ஈரம், குறைந்த டைன், போதாத அழுத்தம் ஆகியவற்றில் ஒன்று காரணம். பசை நடுவில் கிழிந்து பாதி டேப்பிலும் பாதி பரப்பிலும் நூல் நூலாக நின்றால் அது பசையின் உள்பிணைப்புத் தோல்வி. சூடு கூடிவிட்டது, அல்லது அந்தச் சுமைக்குப் பசை மென்மையானது. பசை மொத்தமும் பரப்பிலேயே தங்கி, பின்தாள் மொட்டையாக வந்தால் அது பசைப் பெயர்ச்சி. முன்பூச்சு சரியில்லாத டேப், அல்லது பழைய சரக்கு. இதை மட்டுமே கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டிச் சண்டை போடலாம். நான்காவதாக, டேப் வரும்போது அட்டையின் நாரையும் பிய்த்துக்கொண்டு வந்தால் அது நார்க் கிழிசல். பெட்டி கட்டுபவருக்கு அது நல்ல சேதி. அட்டையை விட ஒட்டு வலுவாக இருந்திருக்கிறது.

சுற்றிய டேப்பின் முனை தானாக எழும்பி நிற்பதைக் கொடி தூக்குதல் என்பார்கள். உருளையின் ஓரத்தில் பசை பிதுங்கி ஒட்டுவது பசைக் கசிவு. உருளை நடுவில் புடைத்துக் கூம்பாகச் சரிவது அடுக்குச் சரிவு. கடையில் வெயில் படும் இடத்தில் தொங்கும் உருளைகளில் இவை இரண்டையும் காணலாம். அப்படிப்பட்ட உருளையை வாங்காதீர்கள்.

பசையின் இனமும் முக்கியம். இயற்கை ரப்பர் பசை சட்டென்று பிடிக்கும், எளிதாக உரியும், ஆனால் வெயிலில் மஞ்சளித்துக் காய்ந்து போகும். செயற்கை ரப்பரை உருக்கிப் பூசும் பசை அட்டையில் அருமையாகப் பிடிக்கும், சூட்டில் இளகும். அக்ரிலிக் பசை மெதுவாகப் பிடித்தாலும் வெயிலையும் வயதையும் தாங்கும். வெளியில் ஒட்டுவதற்கு அதுதான். சிலிக்கோன் பசை விலை கூடியது. கடும் சூட்டுக்கும், வேறெந்தப் பசையும் ஒட்டாத பரப்புகளுக்கும் அதைக் கொண்டுவருவார்கள்.

வரலாறு சுருக்கமானது. 1845-இல் ஹொரேஸ் டே என்பவர் துணியில் ரப்பர் பசை பூசி மருத்துவப் பிளாஸ்திரிக்குக் காப்புரிமை பெற்றார். 1925-இல் த்ரீஎம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ, இரண்டு நிறம் அடிக்கும் கார் பெயின்டர்களின் கஷ்டத்தைப் பார்த்து மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார். 1930-இல் அவரே செல்லோபேன் படலத்தில் பசை பூசினார். பிரிட்டனில் 1937-இல் வந்த செல்லோடேப்பின் பெயர்தான் நம் வீடுகளில் நிலைத்துவிட்டது. அமெரிக்க டேப் தயாரிப்பாளர்கள் 1953-இல் அமைத்த மன்றம் சோதனை முறைகளையும் கலைச்சொற்களையும் ஒழுங்கு செய்தது; மேலே சொன்ன அளவீடுகள் பலவும் அந்த வழியில் வந்தவை. இந்தியாவில் மின் இன்சுலேஷன் டேப்புகளுக்கு ஐ.எஸ். 7809 என்ற தரநிலை இருக்கிறது.

அந்த மின் டேப்பைப் பற்றித் தருமபுரியில் தனியாகப் பேசியே ஆக வேண்டும். இங்கே ஆயிரம் அடியைத் தாண்டிய போர்வெல்கள் இருக்கின்றன. நீர்மூழ்கி மோட்டாரின் கேபிளை மேலிருந்து வரும் கேபிளோடு இணைக்கும் இடம் ஆண்டுக்கணக்கில் தண்ணீருக்குள் கிடக்கும். அங்கே 415 வோல்ட். இணைப்பு கசிந்தால் மோட்டாரை மேலே இழுக்க வேண்டும்; அந்தச் செலவு என்னவென்று விவசாயிக்குத் தெரியும். பி.வி.சி. டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் அதன் பசை தண்ணீரைத் தடுக்காது. சுற்றுகளுக்கு இடையே ஈரம் ஊடுருவிவிடும். அங்கே முதலில் வர வேண்டியது தானே இணையும் ரப்பர் டேப். அதில் பசை இல்லை. இடையில் உள்ள தாளை உரித்து, நன்றாக இழுத்துப் பிடித்தபடியே பாதிக்குப் பாதி ஏறுமாறு சுற்றினால், ரப்பர் தன்னோடு தானே கலந்து ஒரே கட்டியாகிவிடும். ஒவ்வொரு கம்பிக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அதன்மேல் பி.வி.சி. டேப்பைச் சுற்றுவது உரசலிலிருந்து காக்கத்தான். "டேப் சுத்தியாச்சு" என்று மெக்கானிக் சொன்னால், எந்த டேப்பை என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பி.வி.சி. டேப் இழுத்தால் இரண்டு மடங்கு நீளம்வரை போகும். இந்த இழுபடுதன்மைதான் வளைவுகளில் அது படிய உதவுகிறது. ஆனால் இழுத்த படலம் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். கடைசிச் சுற்றையும் இழுத்தே சுற்றிப் பிய்த்துவிட்டால் அந்த முனை மறுநாள் கொடி தூக்கும். கடைசிச் சுற்றை மட்டும் இழுக்காமல் வைத்து, கத்தியால் வெட்டி, விரலால் அழுத்திவிட வேண்டும். இந்த டேப் பழசானால் பிசுபிசுவென்று கையில் ஒட்டுவதற்கும் காரணம் உண்டு: பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்லப் பசைக்குள் இறங்கி அதை இளக்கிவிடுகிறது. சூட்டில் இது விரைவாக நடக்கும்.

பெட்டி டேப் வாங்குபவர்கள் கேட்க வேண்டிய சொல் மைக்ரான். கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்து மாம்பழக் கூழ் ஆலைகளிலிருந்து 3.1 கிலோ டின்கள் ஆறாறாக ஒரு பெட்டியில் போகின்றன. கூழ் மட்டுமே 18 கிலோவுக்கு மேல். அட்டை மூடி எப்போதும் நிமிரப் பார்க்கும், டின்கள் லாரி குலுக்கலில் அடிப்பக்கத்தை அழுத்தும். இரண்டுமே டேப்பின் தாங்கு திறனுக்குச் சோதனை. 40 மைக்ரான் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது படலமும் பசையும் சேர்ந்த மொத்தக் கனம். இரண்டு 40 மைக்ரான் டேப்களில் ஒன்றில் பசை தாராளமாகவும் மற்றொன்றில் மெலிந்தும் இருக்கலாம். மறுசுழற்சி அட்டையில் நார் குட்டை, தூசியும் அதிகம். மெலிந்த பசை அங்கே தூசியோடு கிளம்பிவிடும். மொத்தமாக வாங்குபவர் பசையின் கனத்தைத் தனியாகக் கேட்கலாம். சில்லறையில் வாங்குபவர் உருளையின் பருமனைப் பார்த்து ஏமாறாமல், அச்சிட்ட மீட்டரைப் பார்க்க வேண்டும். நடுவில் உள்ள அட்டைக் குழல் தடித்திருந்தால் குறைந்த டேப்பும் பெரிய உருளையாகத் தெரியும். ஒட்டும்போது நடுக்கோட்டில் மட்டும் நிறுத்தாமல், இரு பக்கச் சுவரிலும் குறைந்தது 5 செ.மீ. இறக்கி, உள்ளங்கையால் தேய்த்துவிடுங்கள். அழுத்தினால் ஒட்டும் டேப்பை அழுத்தாமல் விட்டால் அதன் பாதி வேலையை நாமே தடுத்ததாகிவிடும்.

தருமபுரி மாவட்டத்தில் ஒரு டேப் உயிர் காக்கும் இடத்தில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 44-இல் தொப்பூர் கணவாய் இறக்கம் விபத்துகளுக்குப் பெயர்போனது. இரவில் பழுதாகி நிற்கும் லாரியோ, மெதுவாக ஊர்ந்து இறங்கும் லாரியோ பின்னால் வருபவர் கண்ணில் பட வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 104-ஆம் விதி, ஒளிதிருப்பும் டேப்பை முன்னால் வெள்ளையாகவும் பின்னால் சிவப்பாகவும் பக்கவாட்டில் மஞ்சளாகவும் ஒட்டச் சொல்கிறது. அதன் தரநிலை ஏ.ஐ.எஸ். 090. வந்த ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் நுண்ணிய பட்டகங்கள் அதன் படலத்துக்குள் இருக்கின்றன. சாதாரண மினுமினுப்பு ஸ்டிக்கர் ஒளியைக் கண்டபடி சிதறடிக்கும். தூரத்து ஓட்டுநருக்கு அது தெரியாது.

இந்த டேப்பும் அழுத்தினால் ஒட்டும் டேப்தான். மேலே சொன்ன சட்டங்கள் அத்தனையும் இதற்கும் பொருந்தும். லாரியின் பின்பலகையில் டீசல் புகை, கிரீஸ், சாலைத் தூசி ஆகியவற்றின் படலம் எப்போதும் இருக்கும். வெறும் துணியால் துடைத்து ஒட்டினால் டேப் அழுக்கின்மேல்தான் ஒட்டும், ஒட்டுத் தோல்வியில் முடியும். மண்ணெண்ணெயால் துடைத்தால் எண்ணெய்ப் பசை மிஞ்சும். சோப்புத் தண்ணீரால் கழுவி, ஈரம் முழுதும் காய்ந்த பிறகு, ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து ஒட்டுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த பலகையில் பெயின்ட் முழுவதும் உலரும்வரை பொறுங்கள். உலராத பெயின்டிலிருந்து வரும் ஆவி டேப்பின் அடியில் கொப்புளமாகும். உரியும் பழைய பெயின்டின்மேல் ஒட்டினால், பெயின்ட் விழும்போது டேப்பும் விழும். சுரண்டி எடுத்துவிட்டு ஒட்டுங்கள். இரண்டு பலகை சேரும் இடைவெளியின்மேல் பாலம்போல் ஒட்டாமல் அங்கே வெட்டிவிடுங்கள். ரிவெட் தலைகளைச் சுற்றியும் வெட்டுங்கள். அதிகாலைக் குளிரில் ஒட்ட வேண்டாம். ஒட்டியதும் முழு நீளத்துக்கும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, முடிந்தால் ஒரு நாள் விட்ட பிறகே வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

தகுதிச் சான்று வாங்கும் நாளுக்கு மட்டும் ஒட்டி, சில மாதத்தில் உரிந்து போவதைப் பார்த்துக்கொண்டு இருக்கும் லாரி உரிமையாளர்களையும் ஓட்டுநர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: தொப்பூர் இறங்கும் முன் ஒருமுறை வண்டியின் பின்னால் போய் நின்று, சிவப்பு டேப்பின் முனைகளை விரலால் தடவிப் பாருங்கள். எழும்பியிருந்தால் மேலே இன்னொரு துண்டை ஒட்டாமல், அதை உரித்துவிட்டு, கழுவி, ஏ.ஐ.எஸ். 090 ஒப்புதல் பெற்ற புதிய டேப்பை ஒட்டுங்கள்.